நடு வரிசையில் நாலு பொட்டு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முதல் எங்கள் வீட்டுக் கதவு பேசுகிறது. பேச வேண்டிய மனுஷன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கதவாவது பேசட்டும்.

எல்லாம் போன வாரம் ஆபீஸ் பஸ்ஸில் சாவியைத் தொலைத்த வினை. அண்ணன் தூத்துக்குடியிலிருந்து ஓடி வந்து பூட்டை உடைத்துக் கொடுத்தார். உடைத்த கையோடு ஆரம்பித்தும் விட்டார்.

"ஒரு சாவிய ஒழுங்கா வச்சுக்கிட முடியல. நீ எப்படிட்டி ஒத்தையில இருப்ப? பேசாம எங்கூட வந்துரு."

எனக்கும் கண் தெரியாது, எட்வினுக்கும் கண் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இதே பாளையங்கோட்டையில், இதே இரண்டாவது மாடியில் குடித்தனம் நடத்தினோம். அவர் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், நான் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். அப்போதெல்லாம் யாரும் எங்களை அள்ளிக்கொண்டு போக வரவில்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு பேரு இருந்திய" என்றார். கண் தெரியாத இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஜோடிக் கண் வந்துவிடும் என்று அண்ணனுக்கு நினைப்பு.

கடைசியில் ஈஸ்டர் வரை பார்ப்போம் என்று இறங்கி வந்தார். அதுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை என்றால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாராம். நடந்தால் நான் வாயைத் திறக்காமல் அவர் வண்டியில் ஏற வேண்டும்.

அதற்காகத்தான் இந்தப் பூட்டு. சாவி கிடையாது, நம்பரை அமுக்கினால் திறக்கும். திறந்தால் "கதவு திறந்தது" என்கிறது. சாத்தினால் "கதவு பூட்டியது" என்கிறது. செய்தி வாசிக்கிற அம்மா குரல். நட்சத்திரப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் கடைசியாக எப்போதெல்லாம் கதவு திறந்தது என்று வரிசையாக ஒப்பிக்கும். பார்வையில்லாதவர்களுக்கென்றே வந்திருக்கிற பூட்டு என்று மாட்ட வந்தவர் பெருமையாகச் சொன்னார். தடவிப் பார்த்தேன். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. எங்களுக்கென்று செய்தவர்கள் ஒரு பொத்தானைக்கூட மேடாக வைக்கவில்லை.

இதைப் பிரெய்ல் சட்டத்தில் குத்தி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எட்வின் இதில் விரலை ஓட்டிப் படித்துவிட்டுச் சிரிப்பார். அவர் படிப்பார் என்று தெரிந்தே சில விஷயங்களை எழுதாமல் விடுவேன். இப்போது படிக்க ஆளில்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

சாயங்காலம் என் வீட்டுக்குள் போக நான் படாத பாடு பட்டேன். விரல் எங்கே படுகிறதென்றே தெரியவில்லை. "தவறான எண், தவறான எண்" என்று அந்த அம்மா சலிக்காமல் சொன்னாள்.

எதிர் வீட்டுச் செல்வி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். ஐப்பசியில் குடிவந்த சின்னப் பெண். புருஷன் சங்கரபாண்டி ஏதோ பைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்குப் போகிறவர். "நம்பரச் சொல்லுங்கக்கா, நான் அமுக்குதேன்" என்றாள். நம்பரை ஊராருக்குச் சொல்லவா பூட்டு? வேண்டாம் என்றேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஒட்டுப் பொட்டு இருக்கிறதா என்று கேட்டேன். கிறிஸ்தவர்களான எங்களில் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. அவளுக்குச் சிரிப்பு.

"என்னக்கா, வேதத்த விட்டுட்டியளா?"

"எனக்கில்ல பிள்ளே, கதவுக்கு."

கல் வைத்த பொட்டு ஒரு அட்டை கொண்டுவந்து கொடுத்தாள். கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது. ஒட்டித் தரட்டுமா என்று நின்றாள். இது ரகசியம், நீ உள்ளே போ என்று அனுப்பிவிட்டு நானே ஒட்டினேன். விரலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நம்பரை நடு வரிசையில் மேலிருந்து கீழே நேராக வைத்திருக்கிறேன். அந்த நாலுக்கு மட்டும் நாலு பொட்டு. இனி கண்ணை மூடிக்கொண்டுகூடத் திறப்பேன் என்று பிறகு செல்வியிடம் சொன்னேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் தயங்கினாள், பாவம்.

பிப்ரவரி 14, வெள்ளி

கதவு சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆபீசில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

காஸ் லைட்டர் அடுப்புக்கு வலப்பக்கம், உப்பு டப்பாவை ஒட்டி இருக்கும். என் கை தானாக அங்கே போகும். இன்று போனது, லைட்டர் இல்லை. துழாவித் துழாவி, கடைசியில் இடப்பக்கத்தில் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரு சாமான் இடம் மாறினால் அது தொலைந்ததற்குச் சமம். எட்வின் இருந்தால் அவர் தலையில் பழியைப் போட்டிருப்பேன். இப்போது என் தலைதான் மிச்சம்.

எதிர் வீட்டில் சாயங்காலம் ரொம்ப நேரம் மிக்ஸி ஓடியது. ஜாரில் ஒன்றுமே போடாமல் வெறுமனே ஓடுகிற சத்தம். தேங்காய் அரைகிற சத்தம் வேறு, இது வேறு. கரண்டுக்குப் பிடித்த கேடு.

பிப்ரவரி 27, வியாழன்

டம்ளரை நான் கவிழ்த்துத்தான் வைப்பேன். இன்று நிமிர்ந்து இருந்தது. தலையணையில் பவுடர் வாசனை. நான் பவுடர் போட்டு வருஷக் கணக்காகிறது.

பயமாக இருக்கிறது. எழுதித்தான் வைக்கிறேன், பயமாக இருக்கிறது. கண் இல்லாமல் வாழத் தெரியும். ஞாபகம் இல்லாமல் நான் ஒரு நாள்கூட வாழ முடியாது. எனக்கு வீடு என்பதே எது எங்கே இருக்கிறது என்ற ஞாபகம்தான். அண்ணன் போனில் "எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன்" என்றேன்.

நட்சத்திரப் பொத்தானை அமுக்கிப் பார்த்திருக்கலாம். மறந்துபோய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

ஹசீனா இன்று தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். கதவுக்கு முன்னால் வந்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. ஹசீனா பேச்சை நிறுத்தினால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"பியூலாக்கா, இந்தப் பொட்ட எதுக்கு ஒட்டி வச்சிருக்கிய?"

"நம்பர் தெரியுறதுக்கு."

"ஒங்களுக்கு மட்டுமா தெரியுது? வாரவன் போறவனுக்கெல்லாம்லா தெரியுது. பத்துப் பொத்தான்ல நாலுல மட்டும் பளபளன்னு கல்லு மின்னுது. அதுவும் வரிசையா, மேலருந்து கீழ. பாத்த உடனே நானே தொறந்துருவேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பொட்டு என்றால் எனக்குக் கைக்குத் தட்டுப்படுகிற ஒரு மேடு. அதைப் பார்க்கவும் முடியும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. இத்தனை வருஷம் பார்க்கிறவர்களுக்கு நடுவில் வாழ்ந்தும் இந்தத் தப்பு. எட்வினும் இதையேதான் செய்திருப்பார் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

எல்லாப் பொத்தானிலும் பொட்டு ஒட்டிவிட்டு நம்பரையும் மாற்றுங்கள் என்றாள் ஹசீனா. அட்டையில் இன்னும் பொட்டு இருக்கிறது. சனிக்கிழமை செய்கிறேன் என்றேன்.

மார்ச் 8, சனி

வீடு கழுவினேன். பருப்பு தீர்ந்துபோனது. கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. பொட்டு வேலைக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாஷ்பேசினுக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது, வீடு வாங்கும்போதே இருந்தது. எங்கள் வீட்டில் அது இருந்து யாருக்கு என்ன லாபம் என்று எட்வின் கேலி செய்வார். இன்று அதைத் துடைக்கும்போது ஓரத்தில் கல் ஒன்று கையில் இடறியது. யாரோ முகம் கழுவும்போது எடுத்து ஒட்டிவிட்டு மறந்துபோன பொட்டு.

அதைச் சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஆபீசில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கதவைத் திறந்து உள்ளே வந்து ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. படுக்கையறையில் ஒரு மூச்சு. அடக்கி வைத்த மூச்சுக்கும் ஒரு சத்தம் உண்டு. கொஞ்ச நேரம் நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை.

பிறகு சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். "என்னா வெக்கை. தலைக்கு ஊத்தி நல்லாக் குளிக்கணும். மெதுவாத்தான் வருவேன்."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "கதவு திறந்தது" என்றாள் செய்தி அம்மா. கொஞ்சம் பொறுத்து "கதவு பூட்டியது" என்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

தனியாக இருந்தால் சுவரோடு பேசத் தோன்றும் போலிருக்கிறது.

மார்ச் 15, சனி

செல்விதான். எழுதிவிட்டேன். எழுதாத வரைக்கும் எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் இழுத்தடித்தேன்.

அவள் புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற நாட்கள் உண்டு. வருவதற்கு நேரம் காலம் கிடையாது. நான் வீட்டில் இருக்கிற நேரங்களில் கவனித்தேன், வருகிற சத்தம் படியில் கேட்டால்தான் மிக்ஸி ஓட ஆரம்பிக்கிறது. அதைப் போடுவது அவள் இல்லை, அவன். அடிக்கிற சத்தமும் அழுகிற சத்தமும் வெளியே வராமல் இருக்க. மாசி மாதம் முழுக்க நான் அதைக் கரண்டுக்குப் பிடித்த கேடு என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்டதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அவள் இங்கே திருட வரவில்லை. ஒன்றும் குறையவில்லை. உட்காருகிறாள், முகம் கழுவுகிறாள், கொஞ்சம் படுக்கிறாள். லைட்டர் இடம் மாறியதும் டம்ளர் நிமிர்ந்ததும் அவளால்தான். எனக்கு ஞாபகம் கெடவில்லை. இதை நினைத்ததும் சந்தோஷம் பொங்கியது, உடனே வெட்கமாகப் போய்விட்டது.

பொட்டை அப்படியே விட்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

மார்க்கெட்டிலிருந்து வரும்போது கீழே சங்கரபாண்டி நின்றார். "பைய இங்க தாங்கக்கா, நீங்க எதுக்குச் சுமக்கிய?" என்று வாங்கிக்கொண்டு மாடி வரை வந்தார். ஒவ்வொரு படியிலும் "பாத்து, பாத்து" என்றார். குரல் அவ்வளவு இதமாக இருக்கிறது. ரேடியோவில் பேசலாம்.

"ஒத்தையில கஷ்டமா இருக்கும்லா? என்ன வேணும்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க. செல்வி ஒரு பேக்கு, அவகிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல."

தேங்க்ஸ் தம்பி என்றேன். பையை வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 27, வியாழன்

இப்போதெல்லாம் இரண்டு பாக்கெட் பால் வாங்குகிறேன். ஏன் என்று பால்காரர் கேட்டார். வெயில் காலம், தயிருக்கு என்றேன். தயிருக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தமோ, அவரும் ஆமாம் என்றார்.

பிரிட்ஜில் வைத்த முட்டை அவியலும் சோறும் காலி. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கவிழ்த்து. கற்றுக்கொண்டுவிட்டாள். லைட்டர் உப்பு டப்பாவை ஒட்டி இருந்தது. என் நீல ஜாக்கெட்டில் கொக்கி அறுந்து ரொம்ப நாளாக நாற்காலி முதுகில் கிடந்தது. இன்று கொக்கி தைத்திருந்தது.

நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. படிக்கட்டில் பார்த்தால் "வாங்கக்கா" என்கிறாள், "வாரேன் பிள்ளே" என்கிறேன். அவ்வளவுதான். வீட்டில் இன்னொரு ஆள் புழங்குகிற வாசனை சாயங்காலம் வரை இருக்கிறது. எட்வின் போன பிறகு முதல் தடவையாக இந்த வாரம் தூங்கினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எல்லாம் முடிந்தது.

சாயங்காலம் மாடி ஏறும்போதே தீய்ந்த பால் நாற்றம். என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அண்ணன் குரல், அவர் மனைவி எங்கள் மைனி குரல், சங்கரபாண்டி குரல். அண்ணனும் மைனியும் சீலா மீன் வாங்கிக்கொண்டு சொல்லாமல் வந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு நம்பர் தெரியும். திறந்தால் வீடு முழுக்கப் புகை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பால் பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது.

"காலையில அடுப்ப அணைக்காமப் போயிருக்க" என்றார் அண்ணன். திட்டவில்லை. குரல் நடுங்கியது, அதுதான் தாங்க முடியவில்லை. "நாங்க வரலன்னா இந்த பில்டிங்கே போயிருக்கும்ட்டி."

"நல்ல வேளை சார்" என்றார் சங்கரபாண்டி. "நானும் இன்னைக்கு மத்தியானமே வந்துட்டேன், ஒடம்புக்குச் சரியில்ல. வந்து பாத்தா செல்விய வீட்ல காணும். கூப்பிட்ட பெறகு வாரா. மொட்ட மாடியில துணி எடுக்கப் போனாளாம்."

எனக்கு விளங்கிவிட்டது. பால் காய்ச்ச வைத்திருக்கிறாள். படியில் அவன் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். நான் வாங்கி வைத்த இரண்டாவது பாக்கெட்.

சங்கரபாண்டி தன் வீட்டுக்குப் போனதும் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்ன நாங்க கொற சொல்லல பியூலா. வயசாகுதுல்லா. மறதி எல்லாருக்கும் உள்ளதுதான்."

மறதி என்ற அந்த ஒரு வார்த்தையை நான் விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது ஞாபகம் ஒன்றுதான். அதையும் இல்லை என்றால் எப்படிச் சும்மா இருப்பேன்? அண்ணனைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நட்சத்திரப் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். செய்தி அம்மா ஒப்பித்தாள். நான் ஆபீசுக்குப் போன பிறகு கதவு திறந்திருக்கிறது. மத்தியானம் மறுபடி திறந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அண்ணன் வந்து திறந்தது. முந்தின நாட்களிலும் பகலில் திறந்திருக்கிறது.

"கேட்டியளா? அடுப்பு வச்சது நான் இல்ல. நான் ஆபீஸ்ல இருந்தேன்."

அண்ணன் தானும் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அப்போ யாரு?"

பெயரைச் சொன்னால் அண்ணன் நேரே போய் எதிர்க் கதவைத் தட்டுவார். நியாயம் கேட்கிற ஆள் அவர்.

"யாரோ" என்றேன்.

"யாரோ ஒருத்தன் தெனமும் வீட்டுக்குள்ள வந்து பாலக் காய்ச்சிக் குடிச்சிட்டுப் போறான். ஒனக்குத் தெரியல. இது மறதியவிட மோசம்லாட்டி?" அப்போதுதான் அவர் பொட்டுகளைக் கவனித்திருக்கிறார். "ஊருக்கே நம்பர எழுதி ஒட்டி வச்சிருக்க."

ஞாபகம் இல்லை என்றாலும் நான் போக வேண்டும். இருக்கிறது என்று நிரூபித்தாலும் போக வேண்டும். சனிக்கிழமை கிளம்புகிறோம்.

ஏப்ரல் 5, சனி

தூத்துக்குடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குத்து இடம் மாறி விழுகிறது.

காலையில் துணிமணி, போர்வை எல்லாம் மடித்து பீரோவில் வைத்தேன். நம்பரை மாற்ற நேரம் இருந்தது. மாற்றவில்லை. நான் இல்லாவிட்டாலும் வீடு இருக்கும், அவள் வரட்டும், உட்காரட்டும் என்று நினைத்தேன். எனக்கு இருந்த ஒரே நல்ல யோசனை அதுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது அண்ணன் சங்கரபாண்டியிடம் பேச ஆரம்பித்தார். வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் யாரோ உள்ளே வந்து போகிறார்கள், பூட்டே சொல்கிறது என்றார். நேரத்தையும் சொன்னார். நான் நிரூபித்ததை அப்படியே ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்.

சங்கரபாண்டி அந்த நேரத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"பகல்லயா சார்?" என்றார் பிறகு. அதே இதமான குரல். "சரி, நான் பாத்துக்கிடுதேன்."

"நம்பர மாத்திட்டு ஒங்ககிட்ட மட்டும் குடுத்துருதேன்."

"மாத்தாண்டாம் சார். மாத்துனா வாரவன் உஷாராயிருவான். இப்படியே இருக்கட்டும். வந்தா கையும் களவுமாப் பிடிச்சிருவோம்."

அண்ணன் நம்பரைச் சொன்னார். கதவில் கை வைத்து ஒரு பொட்டை நகத்தால் கிளப்பினேன். அவள் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று புரிந்துகொள்வாள். இரண்டாவதில் நகம் வைக்கும்போது சங்கரபாண்டி என் கையை மெதுவாகப் பிடித்து விலக்கினார். "அது இருக்கட்டும்க்கா." எடுத்த பொட்டையும் வாங்கி அதன் இடத்திலேயே ஒட்டினார்.

"செல்விகிட்டச் சொல்லிட்டுப் போறேன்" என்றேன். குளிக்கிறாள் என்றார். அந்த வீட்டுக்குள் டிவி உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சுவரோடு பேசிய மாதிரி இன்றைக்கும் சத்தமாகச் சொன்னேன். "நம்பர எதிர்வீட்டுத் தம்பிட்ட குடுத்தாச்சு. இனி இந்த வீட்டுக்குள்ள யாரும் வரப்பிடாது. யாரும் வரப்பிடாது."

"சரி சரி, கத்தாத, எல்லாருக்கும் கேட்டாச்சு" என்று அண்ணன் தோளைப் பிடித்துப் படி இறக்கினார்.

வல்லநாடு தாண்டும்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸியைச் சொன்னேன், பவுடரைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன். வண்டியைத் திருப்பச் சொன்னேன். மைனிதான் பதில் சொன்னாள். "அந்த நல்ல பையனப் போயா? பைய தூக்கிட்டு வாரான், அக்கா அக்காங்கான்."

"முந்தாநாள் கேட்டேன், யாரோன்னு சொன்ன" என்றார் அண்ணன். "இப்போ திரும்பிப் போகணும்னதும் ஒரு கத வருது. வேணும்னா அந்தப் பையனுக்கே போனப் போட்டுக் கேட்டுருவமா?"

வேண்டாம் என்றேன். வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினேன்.

ஏப்ரல் 9, புதன்

பெண்களுக்கான உதவி எண்ணுக்கு நேற்று முன்தினமே கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டு விலாசம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் போய் விசாரித்தார்களாம். செல்வியே கதவைத் திறந்து, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக் காபியும் கொடுத்து அனுப்பினாளாம். அவன் பக்கத்தில் இருந்தானா என்று கேட்டேன். ஆமாம், ரொம்ப மரியாதையாகப் பேசினார் என்றார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

என் அறை மாடியில். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. நான் விழுந்து கிடந்தால் திறக்க வேண்டுமே என்று மைனி கழற்றச் சொல்லிவிட்டாள். பாசத்தில் செய்ததுதான். யார் வேண்டுமானாலும் வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். வந்தது யார் என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது அண்ணனுக்குப் போன் வந்தது. ஹாலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சங்கரபாண்டி. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாரு. நம்ம ஆளுகளுக்கே தோணல, பாத்துக்கோ."

"வீட்டப் பத்திச் சொன்னாவளா?"

"இன்னைக்குத்தான் உள்ள போயிப் பாத்தாராம். எல்லாம் பத்திரமா இருக்காம். திருடனும் இல்ல, ஒருத்தனும் இல்ல, இனி யாரும் வர மாட்டாங்க சார், நீங்க நிம்மதியா இருங்கங்காரு. ஒம் போர்வை ஒண்ணு மட்டும் கட்டில்ல விரிச்ச மேனிக்குக் கெடந்துச்சாம். மடிச்சு வச்சுட்டாராம்."

போர்வையை எல்லாம் நான்தான் மடித்து பீரோவில் வைத்தேன். கிளம்புவதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

"வேற என்ன சொன்னாவ?"

"சரியாக் கேக்கல. பின்னால மிக்ஸி ஓடிட்டே இருந்துச்சு."

"என்னமும் போட்டு அரைச்ச மாதிரி இருந்துச்சாண்ணே? இல்ல, வெறுமன ஓடிச்சா?"

அண்ணன் சிரித்தார். "இதெல்லாமாட்டி கேப்ப?" என்று சொல்லிக்கொண்டே இலை முன்னால் போய் உட்கார்ந்தார்.